சிறு வீக்கமும் பெரு வலியும்

நடை பழகும் பருவத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளாத குழந்தை உலகில் இல்லை. கொசு கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளாத குழந்தையும் இல்லை. இச்சிறு காயங்களில் மிகப் பெரும்பாலானவை, தாய் எண்ணெய் தடவினாலும் தடவாவிட்டாலும், நாலைந்து நாளில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடுகின்றன; சில மட்டும் சீழ் பிடித்து, நெறி கட்டி, இரண்டு நாள் ஜுரத்தைத் தந்து, மருந்துக்கு அடங்குகின்றன; இவ்விரு வகையிலும் சேராத மிகச் சிலவோ, காலையில் கொசுக்கடியாகத் தொடங்கி, மறுநாள் பொழுது விடிவதற்குள் கையையோ காலையோ உயிரையோ கேட்டு நிற்கின்றன. இந்த மூன்றாம் வகையைப் பற்றியதே இவ்வத்தியாயம்.

அபூர்வமாக வரும் வியாதிக்குத் தனி அத்தியாயம் எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். சாதாரணச் சீழ்க்கட்டியும் சதையை அழிக்கும் கொடு நோயும் முதற் சில மணி நேரங்களில் ஏறக்குறைய ஒரே தோற்றத்துடன் வருகின்றன என்பதும், அந்நேரத்தில் குழந்தையின் அருகே இருப்பவர் நிபுணர் அல்லர், தாயோ பாட்டியோ கிராம சுகாதாரச் செவிலியரோதான் என்பதும், பின்னர் பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை திறமை காட்டினாலும் அந்த முதற் பொழுதில் இழந்ததை முழுதும் மீட்க இயலாது என்பதும் அதற்குப் போதுமான காரணங்கள்.

நோய் புதியதன்று. ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க வைத்திய நூல்களுள், கொள்ளை நோய்களைப் பற்றிய மூன்றாம் புத்தகத்தில், அற்பமான காயங்களைத் தொடர்ந்து தோல் சிவந்து, சதையும் தசைநாரும் எலும்புமே கழன்று விழுந்த நோயாளிகளைப் பற்றிய வர்ணனை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தென்மாநிலங்களின் சேனையில் வைத்தியராக இருந்த ஜோசப் ஜோன்ஸ், ஆஸ்பத்திரி அழுகல் என்று அன்று வழங்கிய இவ்வியாதி 2,642 பேரைப் பற்றியதையும் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டதையும் 1871-இல் எழுதிவைத்தார். பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஃப்ராங்க் மெலனி, 1924-இல் 20 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஏனெனில், நோயை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி என்பதை அவர் நிறுவியதோடு, பென்சிலினின் பெயரைக்கூட உலகம் கேட்டிராத அக்காலத்தில், பாதிக்கப்பட்ட இடத்தைத் தயக்கமின்றி நீளமாகக் கீறித் திறப்பதொன்றையே பிரதான சிகிச்சையாகக் கொண்டு, அவர்களுள் பெரும்பாலோரைப் பிழைக்கவும் வைத்தார். நெக்ரோடைசிங் ஃபேஸியைடிஸ் என்று வைத்தியர்கள் இப்போது வழங்கும் பெயர் 1952-இல் வந்தது. தசையுறை அழுகல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சரீரத்தின் அமைப்பைச் சற்றே அறிந்தால்தான் இந்நோயின் வஞ்சகம் விளங்கும். தோலுக்கு அடியில் கொழுப்பு. கொழுப்புக்கு அடியில், தசைகளைப் போர்த்தியபடி, மெல்லியதும் உறுதியானதுமான உறை. அதற்கும் அடியில் தசை. வாழைமரத்தின் மட்டைகள் ஒன்றையொன்று இறுகத் தழுவியிருந்தாலும் இடையில் விரலைச் செலுத்தினால் வழிவிடுவது போல, தசையுறையை ஒட்டிய தளமும் பிரிந்து கொடுக்கும் இயல்புடையது. ரத்த ஓட்டமும் அங்கே சொற்பம். அத்தளத்தை அடைந்த கிருமிக்கு மேல்நோக்கி வருவதைவிடப் பக்கவாட்டில் பரவுவது எளிது. தோலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் சிறு நாளங்களோ இவ்வுறையைத் துளைத்துக்கொண்டே மேலே வருகின்றன; உறை அழற்சியுற்றதும் அந்நாளங்களுக்குள் ரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. ஆயினும் தோல் உடனே மடிந்துவிடுவதில்லை. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாளைக்கு மேலும், பார்வைக்கு அது நன்றாகவே இருக்கிறது. கீழே நரம்புகள் தவிப்பதால் வலி மட்டும் பொறுக்க முடியாததாகிறது.

ஆகவே மேலே சிறு வீக்கம், உள்ளே பெரு வலி என்னும் இந்தப் பொருத்தமின்மையே முதல் அடையாளம். பல சமயம் காலத்தோடு கிடைக்கும் ஒரே அடையாளமும் அதுவே. தோல் கருநீலம் பாய்வதும், கலங்கிய நீரோ ரத்த நீரோ கட்டிய கொப்புளங்கள் எழும்புவதும், அழுத்தினால் உள்ளே காற்றுக் குமிழிகள் நொறுங்குவதும் புத்தகங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட அடையாளங்களாயினும், அவை தோன்றும்போது உள்ளே நாசம் வெகுதூரம் நடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் கொடிய ஏமாற்று, வலித்த இடம் மரத்துப்போவது. அதுவரை தொட்டால் வீறிட்ட குழந்தை தொட விடுகிறதே என்று வீட்டார் ஆறுதல் அடையும் அவ்வேளை, நரம்பு மடிந்த வேளையாக இருக்கலாம்.

இவ்வேலையைச் செய்யும் கிருமிகளுள் முதலிடம் ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கே உரியது. குழந்தைகளின் தொண்டையில் சாதுவாகக் குடியிருப்பதும், தொண்டைப் புண்ணை உண்டாக்குவதும், சொறி சிரங்கில் சீழ் வைப்பதும் இதே கிருமிதான். தன்னை விழுங்க வரும் வெள்ளணுக்களிடமிருந்து தப்ப ‘எம்’ புரதம் என்னும் மேற்பூச்சு அதற்கு உண்டு. தன்னைச் சுற்றி உடல் கட்டும் ரத்தக் கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் உண்டு. (மாரடைப்பு வந்தவருக்கு நாளத்தின் அடைப்பைக் கரைக்க ஊசியேற்றும் மருந்து இக்கிருமிக் குடும்பத்திடமிருந்து பெற்றதே என்பதை அறியும்போது, சத்துருவின் ஆயுதசாலையையும் விடாமல் ஆராய்ந்தவர்களிடம் நமக்கு மதிப்பு உண்டாகிறது.) எல்லாவற்றுக்கும் மேலாக, அது விடும் சில நஞ்சுகள் உடலின் காவலணுக்களில் மிகப் பெரிய பங்கைக் காரணமின்றி ஒரே சமயத்தில் கிளர்ந்தெழச் செய்கின்றன, சாதாரணத் தொற்றில் பத்தாயிரத்தில் ஒன்றாக விழித்துக்கொள்ளும் அணுக்கள் ஐந்தில் ஒரு பங்கு வரை விழித்துக்கொண்டு ரசாயனங்களைக் கொட்டுவதால், ரத்த நாளங்கள் தளர்ந்து, நீர் கசிந்து, குழந்தை அதிர்ச்சி நிலைக்குச் சென்றுவிடுகிறது. கால் கெடுவது ஒரு புறம் இருக்க, காலைத் தொடாமலே இதயமும் சிறுநீரகமும் கெடுவதற்குக் காரணம் இதுவே.

ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் மற்றொரு கிருமியின் போக்கு வேறு; அது பெரும்பாலும் ஓரிடத்தில் கட்டி கட்டுவதை விரும்பும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் தொடை, இடுப்பு முதலிய பெருந்தசைகளின் நடுவில் அது சீழ்க்கோப்பதும், ஜுரத்துடன் நொண்டி நடக்கும் குழந்தையைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெயிட்டு வழிப்பதும் வழக்கமான கதை. ஜுரத்தோடு வரும் சுளுக்கு என்று ஒன்று கிடையாது என்பதை மட்டும் வாசகர் மனத்தில் இருத்திக்கொண்டால் எனக்குப் போதும்.

பேசத் தெரியாத குழந்தையின் வலியை அறிவது எப்படி? இரண்டு வயதுக் குழந்தை தன் தொடையில் வலி இருக்கிறதென்று சொல்லாது; எழுந்து நிற்க மறுக்கும்; தாயின் இடுப்பில் ஏற்றினால் சமாதானமாவதற்குப் பதில், அந்தக் கால் தாயின் வயிற்றில் அழுந்துவதால், மேலும் வீறிடும். கைக்குழந்தையாயின் ஒரு கையை மட்டும் அசைக்காமல் போட்டிருக்கும். உடை மாற்றும்போது மட்டும் அலறும். தேர்ந்த குழந்தை வைத்தியர் இத்தகைய குழந்தையை மேஜைமேல் கிடத்திச் சோதிப்பதில்லை. தாயின் மடியிலேயே இருக்கவிட்டு, நல்ல காலிலிருந்து ஆரம்பித்து, மெல்லத் தொட்டுக்கொண்டே நோயுற்ற காலை நோக்கி வருகிறார். அப்போது அவர் கண் தம் விரலின்மேல் இராது, குழந்தையின் முகத்தின்மேல் இருக்கும். தோல் வழக்கமான நிறத்தில் இருக்கும் இடத்திலேயே, சிவந்த எல்லைக்கு நாலு விரற்கடை அப்பாலும், தொட்டவுடன் முகம் சுருங்குமாயின், அதுவும் அவ்விடம் பஞ்சுபோல் அமுங்காமல் விறைத்துக் கனத்திருக்குமாயின், நோய் தோலில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது என்று அவர் அறிகிறார்.

நம்மவரின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் செம்மை தெளிவாகத் தெரிவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பிய நூல்களின் வர்ணப் படங்களைப் பார்த்துப் பழகிய கண், பளபளப்பையும் இறுக்கத்தையும் சூட்டையும் கணக்கிலெடுக்காமல் சிவப்பையே தேடி ஏமாறும். புறங்கையை வைத்து இரு கால்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. வீக்கத்தின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவைப்பது அதைவிட உபயோகமானது. ஒரு மணி நேரம் கழித்துக் கோட்டைத் தாண்டிய வீக்கம் எந்த ரத்தப் பரிசோதனையையும்விடத் தெளிவாகப் பேசும். நம் ஊர்களில் தோல் சிவந்து கொப்புளித்தால் அக்கி என்று கருதிக் குயவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று காவி எழுதுவிக்கும் வழக்கம் உண்டு. தானே ஆறும் நோய்க்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தைக்கு ஜுரமும் கடும் வலியும் இருக்கும்போது, பார்க்க வேண்டிய எல்லையையே காவி மறைத்துவிடுகிறது.

புண்ணைப் பார்ப்பதோடு நில்லாமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவது அதிர்ச்சியின் அடையாளம். குழந்தையோ நாளங்களை இறுக்கிக்கொண்டு, இதயத்தை விரைந்து துடிக்கச் செய்து, கடைசி வரை ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, பிறகு திடீரென்று சரிகிறது. ஆகையால் கை கால்கள் சில்லிட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். நெஞ்செலும்பின் மேலோ விரல் நகத்தின் மேலோ பெருவிரலால் 5 விநாடி அழுத்தி எடுத்தால், வெளுத்த இடத்தில் ரத்த நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகுமாயின் அபாயம் நெருங்கிவிட்டது. பால் குடிக்க மறுத்தல், உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காமல் தோய்ந்து கிடத்தல் ஆகியவற்றை உலக சுகாதார ஸ்தாபனம் எந்த நோயிலும் அபாய அறிகுறிகளாகவே வகுத்திருக்கிறது. அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திச் சுணங்கிக் கிடப்பது குணமன்று.

இந்நோய் எக்குழந்தையையும் தாக்கலாமாயினும், சின்னம்மை கண்ட குழந்தையிடம் அதற்குத் தனி வாய்ப்பு உண்டு. அம்மைக் கொப்புளம் ஒவ்வொன்றும் உடைந்த தோல். ஒவ்வொன்றும் ஒரு வாசல். சின்னம்மையில் ஜுரம் சாதாரணமாக மூன்று நான்கு நாளில் தணியும். தணிந்த ஜுரம் மறுபடி ஏறுவதும், ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் வீக்கமும் வலியும் பெருகுவதும் அம்மையின் வேலையன்று, அம்மையின் வாசல் வழியே நுழைந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸின் வேலை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, குழந்தையைத் தனியே கிடத்தி, வருவோர் போவோரைத் தடுக்கும் நம் பழைய ஆசாரத்தில் தொற்றைத் தடுக்கும் விவேகம் இருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வைத்தியரிடம் செல்லலாகாது என்ற பிற்சேர்க்கையில் அந்த விவேகம் இல்லை. மாரியம்மனிடம் பக்தி கொண்ட தாய்க்கும், இரண்டாவது ஜுரம் அம்மையைச் சேர்ந்ததன்று என்று விளக்கிச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வரத் தடையிருப்பதில்லை. விளக்காமல் கடிந்துகொள்ளும் வைத்தியரிடம்தான் அவள் வர அஞ்சுகிறாள்.

சின்னம்மையில் ஜுரத்துக்கு இபுப்ரொஃபென் கொடுப்பது பற்றி ஒரு விவாதம் நெடுநாளாக நடந்துவருகிறது. அம்மருந்து பெற்ற குழந்தைகளிடையே இக்கடுநோய் மிகுதியாகக் காணப்பட்டது உண்மை. மருந்தே நோயைத் தூண்டியதா, அல்லது நோய் கடுமையாகத் தொடங்கிய குழந்தைகளுக்கே அம்மருந்து கொடுக்கப்பட்டதா என்பது தீரவில்லை. பாரசிட்டமால் கையில் இருக்கும்போது சந்தேகத்துக்குரியதை நாடுவானேன் என்பதே என் அபிப்பிராயம். ஆஸ்பிரினோ, வைரஸ் ஜுரத்தில் குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் கெடுக்கும் ரேய் நோய்க்கு இடம்தருவதால், அறவே கூடாது. அமெரிக்காவில் 1995 முதல் சின்னம்மைத் தடுப்பூசி வழக்கத்துக்கு வந்தபின், அம்மையைத் தொடர்ந்து வரும் கடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய் பெரிதும் குறைந்தது என்பது இவ்விரு நோய்களின் உறவுக்கு நல்ல சாட்சி. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் சிறு குழந்தைகளிடையே இக்கிருமியின் கடுநோய்கள் திடீரெனப் பெருகியபோது, பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல என்பது மறுபடி தெரிந்தது.

பிறந்து சில நாளே ஆன சிசுவுக்கு வாசல் தொப்புள். கொடி அறுத்த இடத்தில் விளக்கெண்ணெயும் மஞ்சளும், சில பிரதேசங்களில் சாம்பலும் சாணமும்கூட, தடவுவது பழைய வழக்கம். தொப்புளில் சிறிது ஈரம் கசிவது பெரிதன்று. தொப்புளைச் சுற்றிய வயிற்றுத் தோலுக்குச் செம்மை பரவி, வயிறு விறைத்து, சிசு பால் குடிக்க மறந்தால், வயிற்றுச் சுவரே அழுகத் தொடங்கியிருக்கலாம். இவ்வயதில் பலவகைக் கிருமிகள் கூடி வேலை செய்வதால் மரணமும் அதிகம். இவ்வயதுச் சிசுவுக்கு ஜுரம் வரவேண்டும் என்பதுகூட இல்லை, உடம்பு 35.5 டிகிரி செல்ஸியஸுக்குக் கீழே குளிர்ந்துபோவதும் அதே அபாயத்தின் அறிகுறி. நேபாளத்தின் ஸர்லாஹி ஜில்லாவில் பெரும்பாலும் வீடுகளிலேயே பிறந்த சிசுக்களின் தொப்புளைக் குளோர்ஹெக்ஸிடின் என்னும் மலிவான மருந்து நீரால் துடைத்துப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2006-இல் வெளிவந்தது; கடுமையான தொப்புள் அழற்சி 75 சதவிகிதமும், சிசு மரணம் 24 சதவிகிதமும் குறைந்திருந்தன. சுத்தமான ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு அதுவும் அவசியமில்லை; கொடியை உலரவிட்டுத் தொடாமல் இருப்பதே போதும்.

இனி சிகிச்சை. ஜெர்மனியில் எல்பர்ஃபெல்ட் நகரில், சாய மருந்துகளை ஆராயும் ஒரு பெரிய தொழிற்சாலையின் சோதனைச்சாலையில், கெர்ஹார்ட் டோமாக் என்னும் வைத்திய விஞ்ஞானி 1932-இல் க்ளாரர், மீட்ச் என்ற இரு ரசாயனிகள் செய்து கொடுத்த செந்நிறச் சாயமொன்றை எலிகளுக்குக் கொடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏற்றிய எலிகள் பிழைப்பதைக் கண்டார். புரோன்டோஸில் என்று பெயர் பெற்ற அச்சாயத்தைப் பற்றிய அவர் கட்டுரை 1935 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய ஆறு வயது மகள் ஹில்டகார்ட் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தவறி விழ, ஊசி உள்ளங்கைப் பக்கம் பாய்ந்தது. ஊசியை வைத்தியர்கள் எடுத்துவிட்டனர், ஆனால் அது சென்ற வழியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புகுந்து, கை வீங்கி, ஜுரம் ஏறி, சீழைக் கீறிக் கீறி விட்டும் தணியாமல் நஞ்சு தோள்பட்டையை நோக்கி ஏறியது. கையை எடுத்துவிடுவதைப் பற்றிய பேச்சு எழுந்த நிலையில், தகப்பன் தம் சோதனைச்சாலையின் சிவப்பு மாத்திரைகளைத் தாமே மகளுக்குக் கொடுத்தார். குழந்தை கையுடனும் உயிருடனும் மீண்டது. எலிகளின் கணக்கை எழுதிவைத்திருந்தவருக்குத் தம் மகள் கணக்கில் எந்தப் பக்கம் சேருவாள் என்பது அந்தச் சில நாள்களில் தெரிந்திருக்க நியாயமில்லை. 1939-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நாஜி அரசாங்கம் அதை ஏற்கவிடாமல் தடுத்ததால், பதக்கத்தை அவர் 1947-இல்தான் பெற்றுக்கொள்ள முடிந்தது.

புரோன்டோஸிலுக்குப் பின் பென்சிலின் வந்தது. 1941-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அம்மருந்தைச் சிகிச்சையாக முதலில் பெற்ற போலீஸ்காரர் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர், முகத்திலும் கண்ணிலும் நுரையீரலிலும் பரவிய சீழ் நோயிலிருந்து தேறிவரும்போதே மருந்து தீர்ந்துபோய், அவருடைய சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்தும் போதாமல் இறந்தார். சிறிதளவு மருந்தே போதும் என்ற காரணத்தால் ஆராய்ச்சியாளர் அதன்பின் குழந்தைகளையே பெரிதும் நாடினர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இந்தப் பென்சிலினை எதிர்த்து நிற்க எண்பது ஆண்டுகளாகியும் கற்றுக்கொள்ளவில்லை என்பது வைத்திய சாஸ்திரத்தின் வியப்புகளுள் ஒன்று. அவ்வாறாயின் பென்சிலின் ஒன்றே போதுமன்றோ என்றால், இல்லை. 1952-இல் ஹாரி ஈகிள் என்பவர் எலிகளின் தொடைத் தசையில் இக்கிருமியை ஏற்றிச் சோதித்தபோது, உடனே கொடுத்த பென்சிலின் எலியைக் காப்பாற்றியது. சில மணி நேரம் தாமதித்துக் கொடுத்த அதே பென்சிலின் கைவிட்டது. கிருமி பெருகும்போது தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரைக் கெடுப்பதே பென்சிலினின் வேலை. ஒரே இடத்தில் கூட்டம் நிறைந்து கிருமி பெருகுவதை நிறுத்திவிட்டால், கட்டாத சுவரை எப்படிக் கெடுப்பது? கிருமி பெருகாவிட்டாலும் நஞ்சு விடுவதை நிறுத்துவதில்லை. 1988-இல் ஸ்டீவன்ஸும் அவர் குழுவினரும் இதே சோதனையைக் கிளிண்டமைசின் என்னும் மருந்துடன் செய்து, 16 மணி நேரத்துக்கு மேல் தாமதித்துக் கொடுத்தும் எலிகளில் 70 சதவிகிதம் பிழைத்ததைக் கண்டனர். ஏனெனில் அம்மருந்து கிருமி புரதம் செய்வதையே தடுப்பதால் நஞ்சின் உற்பத்தியும் நின்றுபோகிறது. அதனால்தான் இன்று இவ்விரண்டையும் சேர்த்தே ரத்தக் குழாயில் ஏற்றுகின்றனர். எந்தக் கிருமி என்று தெரியும்வரை ஸ்டஃபிலோகாக்கஸுக்கும் பிற குடல் கிருமிகளுக்கும் ஏற்ற மருந்துகளையும் உடன் கொடுக்கின்றனர். பழைய மருந்துகளுக்கு மசியாத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆஸ்பத்திரிக்குள்தான் உண்டு என்று இருந்த நம்பிக்கை, 1997-க்கும் 1999-க்கும் இடையே அமெரிக்காவின் மினஸோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் ஆஸ்பத்திரி வாசனையே அறியாத நான்கு குழந்தைகள் அக்கிருமிக்குப் பலியானதோடு தகர்ந்தது.

ஆனால் மருந்து ரத்தத்தின் வழியாகவே செல்லக்கூடியது. ரத்தம் செல்லாத இடத்துக்கு மருந்தும் செல்லாது. அடைபட்ட நாளங்களுக்கு அப்பால் மடிந்துகிடக்கும் உறையைக் கத்தி ஒன்றே அகற்ற முடியும். சந்தேகம் தீராத இடத்தில் அறுவை வைத்தியர் குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு உறை வரையில் கீறிப் பார்க்கிறார். நோயற்ற இடமாயின் ரத்தம் பெருகும், உறை முத்து வெண்மையாகப் பளபளக்கும், விரலை எதிர்த்து நிற்கும். நோயுற்ற இடத்தில் ரத்தம் பெருகாது, சீழுமில்லாமல் கலங்கிய சாம்பல் நிற நீர் கசியும், உறை மங்கி வெளிறியிருக்கும், உறைமேல் செலுத்திய சுட்டுவிரல் தடையின்றி நீள வழுக்கிச் செல்லும். விரல் செல்லுமிடமெல்லாம் திறக்க வேண்டும். ரத்தம் கசியும் நல்ல திசு வரும்வரை அறுத்து, புண்ணை மூடாமல் விட்டு, 24 மணி நேரத்துக்குள் மறுபடி மயக்கம் கொடுத்துத் திறந்து பார்த்து, இன்னும் மடிந்தது உண்டாயின் மீண்டும் அறுப்பதே முறை. பெற்றோருக்கு இது குரூரமாகத் தோன்றும். இவ்விஷயத்தில் கருணையோடு குறைவாக அறுத்த வைத்தியரைவிடத் துணிந்து அதிகம் அறுத்த வைத்தியரே குழந்தைக்கு நண்பர்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாமே என்ற ஆலோசனை இக்காலத்தில் தவறாமல் எழும். குழந்தை நிலையாக இருந்து, ஸ்கேன் பக்கத்து அறையில் இருந்தால் சரி. வரிசையில் காத்திருக்க வேண்டுமாயின் வேண்டாம். ரத்தப் பரிசோதனைகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறையொன்று 2004-இல் சிங்கப்பூரில் வயதுவந்தோரைக் கொண்டு வகுக்கப்பட்டது. குழந்தைகளிடம் அதை நம்ப முடியாது.

அதிர்ச்சியிலிருக்கும் குழந்தைக்கு உப்பு நீரை விரைந்து ஏற்றுவதிலும் நிதானம் தேவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் கடும் ஜுரமும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து 2011-இல் வெளியான ஆராய்ச்சியில், திரவத்தை வேகமாகப் பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய 10.5 சதவிகிதமும், அவ்வாறு பெறாதவர்களில் 7.3 சதவிகிதமும் 48 மணி நேரத்துக்குள் இறந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசமும் இல்லாத ஆஸ்பத்திரிகளில் கண்ட முடிவு அது. எல்லா இடத்துக்கும் பொருந்துமென்று கொள்ளலாகாது. ஆயினும் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி வரை ஏற்றி, உடனே நின்று, கல்லீரல் பெருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கையும் காதும் வைத்துப் பார்த்த பிறகே அடுத்ததை ஏற்றும் பழக்கத்தை அது வலியுறுத்தியிருக்கிறது.

இதே போல வெளித்தோற்றத்தால் ஏமாற்றக்கூடிய கண்ணிமை வீக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இமை மட்டும் வீங்கி, விரித்துப் பார்த்தால் கருவிழி நாலாபக்கமும் வலியின்றி உருளுமாயின் நோய் முன்னே இருக்கிறது. விழி பிதுங்கி, உருள வலித்து, பார்வை மங்கினால் விழிக்குழிக்குள் இருக்கிறது, அதற்கு அன்றே ஆஸ்பத்திரி. முன்பு இவ்வீக்கங்களுக்கும் கன்ன வீக்கத்துக்கும் பெருங்காரணமாயிருந்த ‘ஹிப்’ கிருமி, தடுப்பூசி வந்தபின் அருகிவிட்டது. இந்தியாவில் அதை உட்கொண்ட ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது.

தசையுறை அழுகலிலிருந்து உயிர் பிழைத்த குழந்தைக்கு அத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நல்ல வேளையாக, பெரியவர்களைவிடக் குழந்தைகள் இந்நோயில் பிழைப்பது அதிகம். திறந்த புண் சில வாரங்களில் செந்நிறப் புதுத்திசுவால் நிரம்பியதும் தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து ஒட்டுகின்றனர். ஒட்டுத் தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. அது வறண்டு அரிக்கும், சொறிந்தால் கிழியும். எலும்பு ஆண்டுதோறும் நீள, தழும்பு அதே வேகத்தில் நீளாததால், முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் தோல் இழுத்து மூட்டை மடக்கிவிடுகிறது; ஆகவே தினந்தோறும் எண்ணெய் தடவி நீவுவதும், இரவில் பட்டை கட்டி மூட்டை நீட்டிவைப்பதும், உடற்பயிற்சி நிபுணரிடம் தவறாமல் காட்டுவதும் ஆண்டுக்கணக்கில் வேண்டியிருக்கின்றன; சில குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பின்னும் ஒருமுறை, பருவ வயதில் விரைந்து உயரும்போது மற்றொருமுறை, தழும்பை விடுவித்துப் புதுத்தோல் ஒட்ட நேர்கிறது.